கெண்டைப் பாட்டு

அப்போதெல்லாம் அந்தப் பாட்டில் ஒரு சொல் குறைவு.
மூன்றாம் அடி முடியுமிடத்தில்
பொஹ்தானா வாயை மூடிக்கொள்வாள்.
டபுள் பாஸின் தடித்த தந்தியை
நான் ஒரே ஒரு முறை தட்டுவேன்.
டொம்.
ஆஸ்த்ராவா சுரங்கத் தொழிலாளர் விடுதியில்
இமையோரம் கரி போகாத நூற்றிருபது பேர்
அந்த டொம்முக்குள் ஒரு பெயரை
மூச்சுக் காட்டாமல் வைப்பார்கள்.

பாட்டென்னவோ குளியல் தொட்டியில் விட்ட
கிறிஸ்துமஸ் கெண்டையைப் பற்றித்தான்.
பண்டிகை போய் ஈஸ்டரும் வந்தாயிற்று,
தொட்டியை விட்டு அசையமாட்டேன் என்கிறது.
வீட்டில் யாரும் குளிக்கவில்லை.
தொங்கும் உதட்டால் குமிழி விடுகிறது:
எல்லாம் உங்கள் நன்மைக்கே,
எல்லாம் உங்கள் நன்மைக்கே.

மீனைப் பாடினால் என்ன குற்றம்?
விசாரணையில் அதையேதான் கேட்டாள்:
"தோழர் யாரை நினைத்துக்கொண்டீர்கள்?"
அந்தக் கேள்விக்குப் பதினோரு மாதம்.
எனக்குக் கொதிகலன் அறையில் வேலை போட்டார்கள்,
விரல் நுனியெல்லாம் காய்த்துப் போய்
தந்திக்கு அது நல்லதாகத்தான் போயிற்று.

பிறகு ஒரு நவம்பரில்
ஊரே சாவிக்கொத்தைக் குலுக்கியது.
தொட்டி காலி.

ஜனவரியில் ஐஸ் ஹாக்கி அரங்கம். ஆறாயிரம் பேர்.
மூன்றாம் அடி வந்தது.
என் கை தந்திக்குப் போகுமுன்
அத்தனை பேரும் பெயரைக் கத்தினார்கள்,
பதவியோடு, முழுப்பெயர்.
தட்டினேனா என்பது எனக்கே கேட்கவில்லை.

மேடைக்குப் பின்னால் கோட்டை மாட்டிக்கொண்டே
பொஹ்தானா சொன்னாள்:
"அந்த இடத்தில்தான் மூச்சு வாங்குவேன்.
இனி எங்கே வாங்குவது?"

வாடகை ஏறியதைப் பாடினாள்.
ஏழாம் எண் சுரங்கம் மூடியதைப் பாடினாள்.
வாங்கியவன் விற்றவன் பெயரெல்லாம் சொல்லியே பாடினாள்.
வழக்கும் வரவில்லை,
ஆளும் வரவில்லை.
கடைசிக் கச்சேரியில் ஒன்பது பேர்,
அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

போன செவ்வாய், டிராமுக்கு நிற்கையில்
பாலர் பள்ளி ஜன்னல் திறந்திருந்தது.
எங்கள் கெண்டை.
நாற்பது குட்டிக் குரல்கள்.
மூன்றாம் அடி முடியுமிடத்தில் எல்லோரும் நிறுத்தி
மேசையை ஒரு தட்டு.
டிராமைப் போகவிட்டேன்.

வெளியே வந்த பையனிடம் கேட்டேன்,
அங்கே ஏன் தட்டுகிறீர்கள்?
இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தான்.
"அங்கேதான் அது வாலால் அடிக்கும்."

இரவு பொஹ்தானாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
வேகமாகப் பாடினார்களா, மெதுவாகவா
என்று மட்டும் கேட்டாள்.
வேகமாக, என்றேன்.