கருவி எண் பதினேழு

ஹெப்பால் மேம்பாலத்துக்குக் கீழே
டயர் கடைக்கு மேல்மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய அறைக்குள் உட்கார்ந்து
காட்டைக் கேட்பது என் வேலை.

காட்டுக்குப் போனதில்லை.
காடு மெமரி கார்டில் வரும்,
கூரியர் உறையில், அட்டைக்கடி இல்லாமல்.
பத்துப் பத்து நிமிடமாக நறுக்கி
ஒவ்வொன்றுக்கும் எதிரே
ஒன்று அல்லது பூஜ்யம்.
இருவாச்சி கேட்டால் ஒன்று.
கேட்காவிட்டால் பூஜ்யம்.
மழைக்குத் தனிக் கட்டம் உண்டு.
சந்தேகத்துக்குக் கட்டம் இல்லை.

சாம்பல் இருவாச்சி.
சிரிப்பது போல ஒரு குரல் அதற்கு.
சந்தோஷச் சிரிப்பு இல்லை,
கடன் கேட்டு வந்தவனைப் பார்த்துப்
பெரிய மனிதர்கள் சிரிப்பார்களே, அது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம்
பட்டியலில் அதன் பெயருக்கு நேரே
'கவலை குறைந்த இனம்'.
யாருடைய கவலை என்று எழுதியிருக்கவில்லை.
வேலைக்கு வந்தபோது
இரண்டு படி இறக்கியிருந்தார்கள்:
'அழிவாய்ப்பு இனம்'.
அழிவுக்கும் வாய்ப்பு என்றா பெயர்?
எனக்கு, மூன்றாம் தடவை புதுப்பித்த
பதினோரு மாத ஒப்பந்தம்;
அதற்குப் பெயர் வேலைவாய்ப்பு.
"பெர்மனென்ட் ஆக்குவாங்களா?"
அம்மா போனில் கேட்பாள்.

பதினேழாம் கருவியை
ஒரு வெடிபலாவில் கட்டியிருக்கிறார்கள்,
தேயிலைக்கும் தேயிலைக்கும் நடுவே
மிச்சம் விட்ட துண்டுக் காட்டில்.
ஆறு வாரம் பூஜ்யம்.
ஜீப், சில்வண்டு, ஜீப்,
யாரோ செல்வராணியைக் கூப்பிடும் குரல்,
அவள் பதில் சொல்லாத ஒரு முழு நிமிடம்.
பூஜ்யம்.

மார்ச் ஒன்பது, காலை ஆறு நாற்பத்தொன்று.
சிரித்தது.

மார்ச் என்றால், பெண்
மரப்பொந்துக்குள் தன்னைத்தானே பூசி அடைத்துக்கொண்டு
ஒரு விரல் இடுக்கு வழியே பழம் வாங்கும் மாதம்.
ஒன்று சிரித்தால் இரண்டு இருக்கலாம்.
இரண்டென்றால் மூன்றாகலாம்.
எனக்குக் கணக்கு
இவ்வளவு வேகமாக வந்ததே இல்லை.

எழுந்துவிட்டேன்.
ஹெட்போன் வயர் இழுத்து
கீபோர்டில் டீ கொட்டியது.
நாச்சப்பா வந்து ஒரு காதை வாங்கிக்கொண்டான்.
"திரும்பப் போடு."
போட்டேன்.
"இன்னும் நாலு செகண்ட் விடு."
விட்டேன்.
சிரித்து முடித்த மூச்சிலேயே
பாம்புக் கழுகு சீட்டியடித்தது.
சீட்டி முடியுமுன் மலையணில் அதட்டியது.
பிறகு, டம்ளரில் கரண்டி தட்டுவது போல,
தன் சொந்தக் குரலில் ஒன்று.
எல்லாம் ஒரே தொண்டை.

"கரிச்சான்" என்றான். "துடுப்புவால் கரிச்சான்.
காதில் விழுந்ததையெல்லாம் சொல்லும்."

யாரிடமிருந்து விழுந்தது?
போன வாரம் அந்த வழியாகப் போன இருவாச்சியிடமா,
தன் அப்பன் கரிச்சானிடமா,
அந்த அப்பனுக்கு யாரிடம்?
நாச்சப்பா தோளைக் குலுக்கினான்.
குடகில், அவன் ஊர்ப் பக்கம்,
அதை மங்கட்டெ என்பார்களாம்.
கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டேன்.
"பேரைத்தானே சொன்னேன்" என்றான்.

இருவாச்சி: பூஜ்யம்.
கரிச்சான்: ஒன்று.
சேமி. அடுத்த கோப்பு.

அன்றிரவு பேயிங் கெஸ்ட் அறையில்
பல் தேய்க்கப் போனவள்
குழாயைத் திறந்துவிட்டு
கண்ணாடி முன் தொண்டையைச் செருமி
முயன்று பார்த்தேன்.
முதல் தடவை இருமல்.
இரண்டாவது, தெருநாய்.
மூன்றாவது
அடிவயிற்றிலிருந்து தானாக ஏறியது,
இத்தனை வருடம் காதில் ஊற்றியது
வாய்வழி வழிவது போல.

சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.
எதற்கென்று தெரியவில்லை.
குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தேன்,
பத்து நிமிடம்.