முதலாளி வீட்டில் இருக்கிறாரா

மைனஸ் இருபத்தெட்டு.
வைக்கோல் பரப்பிய கொட்டில் இருக்க
எழுபத்துமூன்றாம் எண் பசு
காற்றுத் தடுப்பு வேலியோரம் போய்
பனியில் ஈன்றிருக்கிறது.
அதற்கு நான்கு வயது. புத்திக்கு ஒன்றரை.

மூன்றரை மணி டார்ச் வெளிச்சத்தில்
கன்றின் காதுகள் அட்டையாய் விறைத்திருந்தன.
வாய்க்குள் விரல் விட்டேன்.
கிணற்றுக் குளிர்.

பிள்ளைகள் விட்டுப்போன சறுக்குப் பலகையில் கிடத்தி
முற்றம் தாண்டி, படியேற்றி,
சமையலறை வழியாக இழுத்து
குளியல் தொட்டிக்குள் இறக்கினேன்.
முதலில் வெதுவெதுப்பு. அப்புறம் கொஞ்சம் சூடு.
முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும்,
இரண்டு பிள்ளைகளுக்குப் பார்த்த அதே முழங்கை.

ஒரெஸ்ட் சுரங்கத்தில் இருக்கிறான்.
பதினான்கு நாள் பூமிக்கடியில் பொட்டாஷ் வெட்டுவான்
ஏழு நாள் மேலே வந்து தூங்குவான்.
விவசாயத்துக்கு
யாராவது சம்பாதித்துப் போட வேண்டுமே.

ஆறரைக்குக் கதவு தட்டல்.
விதைக் கம்பெனியின் புதுப் பையன்.
புருவத்தில் பனி, கழுத்தில் டை,
அடுத்த வாடிக்கையாளர் நூறு கிலோமீட்டர் தள்ளியாம்.
நான் தோள்வரை நனைந்து நிற்கிறேன்.
என் தலைக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்து
"முதலாளி இருக்கிறாரா?" என்றான்.

"இருக்கிறார். குளியலறையில்.
உள்ளே வா."

காலணியைக் கழற்றினான்.
அதுவரை நல்ல வளர்ப்புதான்.

"தலையைத் தண்ணிக்கு மேல பிடி.
கழுத்தை இல்ல, தாடையை.
ஆறிப்போனா இந்தக் குழாய்.
எட்டே முக்காலுக்கு வந்துடுவேன்."
அவன் வாய் திறப்பதற்குள்
பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

பதினோரு பிள்ளைகள்.
நாற்பத்தாறு கிலோமீட்டர் சரளைப் பாதை.
ஸ்ட்ரோம்பெர்க் வீட்டு இரட்டையரில் ஒன்று
இன்றும் ஒற்றைக் கையுறையோடு ஏறியது.
கொலீன் பஜூரா வீட்டு வாசலில் ஏற யாருமில்லை.
ஆனாலும் வேகத்தைக் குறைத்து
முகப்பு விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போடுவேன்.
அவள் முற்றத்து விளக்கு ஒரு தரம் அணைந்து எரியும்.
புருஷனைப் புதைத்த மாதத்திலிருந்து
எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான்,
வாரத்துக்கு ஐந்து முறை.

ஊர் மொத்தம் ஐம்பத்திரண்டு பேர்.
ஹாக்கி அரங்கின் கூரைக்கென்று
பெண்கள் நாங்கள் நானூறு ஆப்பிள் பை சுட்டு விற்றோம்.
கூரை ஒழுகுகிறது.
கணக்கெழுதுகிறவன் கொஞ்சம் பருத்திருக்கிறான்.

எட்டே முக்கால் இல்லை, ஒன்பதாகிவிட்டது.
குளியலறை வாசலில் மஞ்சளாய் ஒரு குட்டை.
மிதியடி மேல் நான்கு காலும் நான்கு திசையாக
கன்று நின்றுகொண்டிருந்தது.
பையன் தரையில். சட்டை பிழியலாம்.
டையின் நுனி கன்றின் வாய்க்குள்.

"விடச் சொன்னேன், விடமாட்டேங்குது" என்றான்.
நெடுநேரம் யாரோடும் பேசாதவன் குரல்.

காபி போட்டேன். அவனுக்கு மட்டும்தான் மிச்சம் இருந்தது.
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"கீழ் நிலத்துல இந்த வருஷம்
நீங்க என்ன போடப்போறீங்க?"

சிவப்புப் பருப்பு என்றேன்.
ரயிலேறிக் கப்பலேறி
யார் யார் அடுப்பிலோ வேகிறது.
நானும் ஒரு தடவை வேகவைத்தேன்.
ஒரெஸ்ட் தொடவில்லை.

விலைப் பட்டியலை நீட்டினான்.
போன வருஷத்தைவிட ஒன்பது சதவீதம் கூட.
திருப்பிக் கொடுத்தேன்.
கோபப்படாமல் மடித்து வைத்துக்கொண்டான்.
ஈர டையை மறந்துவிட்டுப் போனான்,
அல்லது விட்டுவிட்டுப் போனான்.

கன்றைத் துவட்டி, என் பழைய ஸ்வெட்டரை மாட்டி
கொட்டிலுக்குத் தூக்கிப் போனேன்.
எழுபத்துமூன்று மூக்கை நீட்டியது.
லாவெண்டர் சோப்பு வாசனை.
உதைத்தது.

கன்று விழுந்து எழுந்தது.
பசு மறுபடி முகர்ந்தது,
இந்த முறை காதுக்குப் பின்னால்,
சோப்பு எட்டாத இடத்தில்.
நான் தடுப்புக் கம்பியில் கை வைத்து நிற்கிறேன்.
கை கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது.
எடுக்கவில்லை.