அட்டையில்லாத நாவல், பக்கம் 17 முதல்

நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்களில்
புல்வெளி என்று தலைப்பு வைத்தது ஒன்றுகூட இல்லை.
சொன்னால் போய்விடுவார் என்று நினைத்தேன்.
முத்துரத்தினம் போகவில்லை.
பதினெட்டு வருடம் நாக்பூருக்கு லாரி ஓட்டியவர்,
இனிக் கனடாவில் ஓட்டப் போகிறவர்,
சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.
'பிரெய்ரி'. மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள்,
அடியில் இரண்டு கோடு போட்டு.
"போற ஊரைப் பத்தி நாலு புக்குப் படிச்சுப்போட்டுப் போலாம்னுங்க.
தெரியாத ரோட்டுல லோடு ஏத்திப் பழக்கமில்லீங்க."

மூலனூர்க் கிளை நூலகத்தில் அவருக்குக் கிடைத்தவை:
ஒன்பதாம் வகுப்புப் புவியியல், பழைய பாடத்திட்டம்.
மிதவெப்பப் புல்வெளிகள் ஒன்றரைப் பக்கம்,
காட்டெருமைக்கு யாரோ மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தார்கள்.
கோதுமை நோய்கள் பற்றி வேளாண்துறைக் கையேடு,
மேற்கோள் பிரிவு, வெளியே தரக்கூடாது. தந்தேன்.
அப்புறம் அட்டை போன ஒரு மொழிபெயர்ப்பு நாவல்.
பதினேழாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது,
ஆரம்பித்ததுமே பனிப்புயல்.

ஒன்பதாம் நாள் வந்தார்.
"புல்லு ஆறடின்னு போட்டிருக்குதுங்க,
வேரு அதுக்கும் மேல ஆழம்னு போட்டிருக்குதுங்க.
யாரு காடு, எத்தனை உருப்படி மேயும்,
படல் எந்தப் பக்கம்? ஒண்ணும் போடலையே.
இந்தக் கதையில வர்ற ஆளு
வந்ததும் வராததுமா மொத்தத்தையும் உழுது போட்டானுங்க.
நூத்திப் பதினெட்டாம் பக்கத்துல மண்ணு காத்துல பறக்குது.
எனக்கு அது நாப்பதுலயே தெரிஞ்சு போச்சுங்க.
இன்னொரு எடத்துல, 'கண்ணுக்கெட்டியவரை வெறுமை'ங்கறான்.
அதே வரியில மாடு நிக்குது.
அப்பறம் எப்படீங்க வெறுமை?"

நான் ரப்பர் முத்திரையின் தேதியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.
அந்த வார்த்தையை நானும் எழுதியிருக்கிறேன்,
கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்த முதல் வாரம்,
தங்கைக்கு, வாட்ஸ்அப்பில்:
'வெறும் பொட்டல்டி. ஒன்றுமில்லாததைச் சுற்றிக்
கிளுவை நட்டு வேலி போட்டிருக்கிறார்கள்.'
இங்கே வருமுன் நான் படித்தது
மாறுதல் ஆணை மட்டும். இரண்டு பத்தி.
நிர்வாக நலன் கருதி.

அது வைகாசி. ஐப்பசியில், தாராபுரம் பஸ்ஸின் ஜன்னலில்,
அதே காடு கொழுக்கட்டைப் புல்லாக நின்றது.
காற்றாலை ஒன்று சுற்றாமல் நின்றது.
வெள்வேல மரத்தடியில் ஒரு மயிலைப் பசு
தலையைத் தூக்கவே இல்லை.
அந்தச் செய்தியை அழிக்கப் பார்த்தேன்.
ஐந்து மாதம் கழித்து அழிக்க முடியாதாம்.

கிளம்புமுன் கடைசியாக வந்தபோது கேட்டுவிட்டேன்:
"இந்தப் பக்கம் வர்றவங்க முதல்ல என்னங்க படிக்கணும்?"
யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்,
கன்னிவாடிச் சந்தையில் கிடாயின் பல்லைப் பார்த்துவிட்டு
விலை கேட்குமுன் நிற்பதுபோல.
"எங்கய்யன் ஒரு டயரி வெச்சிருந்துச்சுங்க.
மழைக் கணக்கு மட்டும். வருசம் முச்சூடும் எட்டு வரி.
அதைப் படிச்சாக் கொறங்காடு எதுக்குன்னு வெளங்கிரும்.
கையெழுத்துத்தான் வெளங்காது."

கையேட்டையும் புவியியலையும் திருப்பினார்.
நாவலைத் தரவில்லை.
கடைசிப் பக்கங்களும் இல்லையே என்றேன்.
"மிச்சத்தை அங்க போய்ப் பாத்துக்கறனுங்க."
தணிக்கைக்கு வந்தவர் கேட்டபோது
வாசிப்பில் உள்ளது என்று எழுதிக் காட்டினேன்.

மாசியில் ஒரு படம் வந்தது.
லாரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒன்றுமில்லை.
இல்லை, அடித்துவிட்டு எழுதுகிறேன்:
வெள்ளையாக, தூரத்தில், கோணலாக மூன்று கம்பம்.
ஸ்டீயரிங் அருகே அட்டையில்லாத புத்தகம்,
நடுவில் பெட்ரோல் பங்க் ரசீது செருகி.
கீழே ஒரே வரி:
"வேலி இருக்குதுங்க மேடம்."