வெங்காயத்தோல் நிறம்

ஹிந்த்மாதாவில் இருபத்திரண்டு வருடமாக
தினமும் சேலை கட்டுகிறேன்.
சட்டைக்கு மேல், பேண்ட்டுக்கு மேல்,
வெள்ளை மெத்தையில் நின்றபடி.
ஏழு விநாடியில் கொசுவம் வந்துவிடும்.
இடுப்பை மட்டும் கொஞ்சம் ஒடிக்கவேண்டும்.
இசக்கி என்பது வாயில் நுழையாமல்
ஈஷ்வர் என்று ஆக்கிவிட்டார் சேட்.
மீசையை யாரும் பார்ப்பதில்லை.

அவர்கள் பார்ப்பது தங்களை.
என் தோளில் தங்கள் தோளை,
என் தொப்பையில்
கல்யாணத்துக்கு முந்தைய இடுப்பை.
அந்தக் கண் ஒரு கணம் நிலைக்கும்.
அப்போது விலை சொல்லக்கூடாது,
சொன்னால் விழித்துக்கொள்வார்கள்.
முந்தானையை விளக்கின் பக்கம் சாய்த்து
“உங்களுக்கென்றே நெய்தது, தாயி” என்றால் போதும்.
மராத்தியில் தாயி என்றால் அக்கா.
அக்கா அக்கா என்று அழைத்தே
ஆளை மயக்குகிற தொழில்
உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சொக்குப்பொடி என்பார்கள் எங்கள் பக்கம்.
நான் கண்ட பொடி
புதுத்துணியிலிருந்து உதிர்கிற கஞ்சிதான்.
இரவில் தும்மினால் வரும்.
என் கல்யாணம் ஒரு போட்டோவில் முடிந்தது.
தாராவிக்கு ரயிலேறி வந்தவளுக்கு
என்னைப் பார்த்து மயங்க நேரமே இருந்ததில்லை,
தண்ணீர்க் குழாய் நாலரைக்குத் திறக்கும்.

ஆனால் மடக்கத் தெரியும்.
தெருமுனைப் பையன்கள் சொல்கிற மடக்குவதும்
சேலையை மடக்குவதும்
ஒரே சொல்லாக இருப்பது சும்மா இல்லை.
முதலில் விரிக்கவேண்டும்.
இன்னும் விரிக்கவேண்டும்.
அறுபது சேலை விரித்துப் போட்டவனிடமிருந்து
வெறுங்கையோடு எழுந்து போக
நல்ல மனசுக்காரிக்குக் கால் வராது.

அன்றைக்கு மழை.
தெருவில் முழங்கால் தண்ணீர்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்,
வாங்க வந்தவளா ஒதுங்க வந்தவளா தெரியவில்லை.
பச்சை வேண்டாம், மயில்கழுத்து வேண்டாம்,
அரக்கைத் தொடக்கூட இல்லை.
பத்தொன்பதாவதாக
வெங்காயத்தோல் நிறத்தைக் கட்டினேன்.
இடுப்பை ஒடித்தேன்.

தன்னைத் தேடவில்லை அவள்.
கொசுவத்திலிருந்து மேலே வந்து,
தோளில் கொஞ்சம் தங்கி,
மீசையையும் தாண்டி
என் கண்ணில் வந்து நின்றாள்.
“துமாலா ஷோப்தே.”
உங்களுக்குச் சோபிக்கிறது.

நூற்றெண்பது வரை கழிக்கலாம் என்பது சேட் உத்தரவு.
அறுநூறு கழித்தேன்.
பில் போடும்போது விரல் ஏன் நடுங்கியது என்று
கால்குலேட்டரைத்தான் கேட்கவேண்டும்.

மழை விட்டு டீ குடிக்கையில்
பக்கத்துக் கடை தத்தாராம் சொன்னான்:
செருப்பைக் கையில் பிடித்த ஒருத்தி,
“உங்களுக்கு எவ்வளவு பொருத்தம்” என்றாளாம்,
இவன் நானூறு கழித்தானாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தான்,
சிரித்து முடித்த பிறகும் போகாமல் நின்றான்.
நானும் சிரித்தேன்.
அவனுக்கு எந்த நிறம் என்று மட்டும் கேட்டேன்.

கோபம் ஒன்றுமில்லை.
உங்களுக்கென்றே நெய்தது என்று
எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்.
வீட்டுக்குப் போய்
கண்ணாடி முன் பிரித்துப் பார்த்தவர்களுக்கு
அது பொய்யாகவா இருந்திருக்கும்?
எனக்கு எப்படித் தெரியும்,
நான் அந்தப் பக்கம் இருந்தவன்.

சயானில் இறங்கும்போது கூட்டம்
தோளை இடித்தது.
அந்தத் தோளைக் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டேன்,
மடிப்புக் கலைந்துவிடும் என்பது போல.

அதே சாயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது,
அலமாரியின் அடித்தட்டில்,
பாலியெஸ்டர் கட்டுகளுக்குப் பின்னால்.
நேற்று ஒரு தாயி வெங்காயத்தோல் கேட்டாள்.
ஸ்டாக் இல்லை என்றேன்.
கணக்கு நோட்டிலிருந்து
சேட் நிமிர்ந்து பார்த்தார்.