கதிரைக் கணக்கு

கணக்கெடுக்கும் குழுவில் மூன்று பேர்:
நிதிக்கிளை அஜ்வத்,
பராமரிப்புப் பகுதி பிரசங்கிகா,
களஞ்சியக்காரி நான்.
ஒரு குடை. ஒரு திறப்புக் கொத்து.
நனையக்கூடாத ஒரு பதிவேடு.

எட்டரைக்கு நிர்வாகக் கட்டடத்தில் தொடங்கினோம்.
மேசை நாற்பத்தொன்று.
மின்விசிறி பதினெட்டு, சுற்றுவது பதினொன்று.
நூலகத்தில் பிரசங்கிகா சிங்களத்தில் எண்ணினாள்,
நான் தமிழில் சரிபார்த்தேன்.
இரண்டு மொழியிலும் ஒரு தட்டு குறைந்தது.

கணினிக் கூடத்தில் உப்புக்காற்று
எங்களுக்கு முன்னமே வந்து போயிருந்தது:
ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு துருப் புள்ளடி.
நிலாவெளிக் கடலுக்குப் பதவியும் இல்லை, முத்திரையும் இல்லை.
ஆனாலும் எந்தக் கோப்பைத் திறந்தாலும்
அதன் ஈரம்.

கட்டடங்களை இணைக்கும் கூரைப்பாதை
வரைபடத்தில் மட்டும் இருக்கிறது.
ஓடினோம்.

கடைசியாக அரங்கு.
பெயர்ப்பலகைக்கு விட்ட இடத்தில் நாலு துளை,
நாலிலும் குளவிக்கூடு.
உள்ளே படிப்படியாய் இறங்கும் சீமெந்து,
படிதோறும் மஞ்சள் பெயின்ற்றில் ஆசன இலக்கம்,
ஒன்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரை.
இலக்கங்கள் மட்டும்.
டொலர் இல்லாத வருஷம்
கதிரைகள் கப்பலேறாமல் நின்றுவிட்டன.
ஒப்பந்தக்காரர் சாரத்தைக் கழற்றி லொறியில் ஏற்றிப் போனார்,
ஒரு மண்வெட்டியை மறந்து.
(மண்வெட்டி: ஒன்று. எழுதிக்கொண்டேன்.)

இருக்கவேண்டியது 312. இருப்பது 0. குறை 312.
வருஷா வருஷம் கொழும்பிலிருந்து கடிதம் வரும்:
குறைவுக்குப் பொறுப்பானவர் யார்?
வருஷா வருஷம் நான் பதில் எழுதுவேன்:
வராத பொருளைக் களவெடுக்க முடியாது, ஐயா.

மேடையில் ஒத்திகை.
கூரை ஒழுகும் இடத்தில் வாளிகள்.
துளிக்கும் துளிக்கும் நடுவில்
வசனம் பேசப் பழகியிருந்தார்கள் பிள்ளைகள்.

நாடகம் ஒரு கந்தோரில் நடக்கிறதாம்.
காணி உறுதிக்கு வந்த சம்பூர்க்காரி ஒருத்தி
நாடகம் முழுக்க நிற்கிறாள்.
இரு என்று சொல்ல ஆளில்லை.
அவளாக நின்றவன் குச்சவெளிப் பெடியன், கோகுலவாசன்,
தாவணியைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு.
கதிரைகளாக மூன்று பேர்,
முழங்கால் மடித்து, கையை முன்னே நீட்டி, மடியில் சாக்கு விரித்து.
ஓரக் கதிரை தும்மியது.
அஜ்வத் சிரிக்கவில்லை. பேனை மூடியைக் கழற்றினார்.

"மிஸ், இருங்கோ,"
என்றது நடுக்கதிரை. கிண்ணியாப் பிள்ளை, நஸ்லிபா.
"நாளைக்குப் பார்க்க வாற ஒராளை இருத்தப் போறம்.
பாரம் தாங்குமோ தெரியேல்ல."

எட்டு வருஷமாய்க் கதிரைகளை எண்ணுகிறேன்,
கால் ஒடிந்தவை, பிரம்பு அறுந்தவை, ஏலத்தில் போனவை.
ஒன்றாவது என்னை இருக்கச் சொன்னதில்லை.

செருப்பைக் கழற்றினேன், ஏனென்று தெரியாது.
பாதிப் பாரத்தை என் கால்களிலேயே வைத்துக்கொண்டு
இருந்தேன்.
கதிரையின் தொடை நடுங்கியது.
என் பிடரியில் மூச்சு,
கன்டீன் ரொட்டி வாசத்தோடு.

எதிரே சம்பூர்க்காரி.
கசங்கிய கடித உறை.
வசனத்தை மறந்தானோ, அதுதான் வசனமோ,
என்னையே பார்த்தபடி நின்றான்.
வாளியில் ஒரு துளி. இன்னொரு துளி.
இருப்பவள் நான் என்பதால்
கந்தோரும் நான்தான் போல.
களஞ்சிய யன்னலுக்கு வெளியே
"நாளைக்கு வாங்கோ" கேட்டுத் திரும்பியவர்களுக்கு
எந்தப் பதிவேட்டிலும் நிரல் இல்லை.

எழும்பினேன். சாக்கைத் தட்டி நேராக்கினேன்.
"தாங்கும்?" பிரசங்கிகா தமிழில் கேட்டாள்.
"தாங்குது," என்றது கதிரை.

அஜ்வத் எழுதினார்:
கதிரை 3. நிலை: பாவிக்கக்கூடியது. குறை 309.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"நாளையிண்டைக்கு இவங்க எழும்பிப் போயிருவாங்களே,"
என்று தனக்குள் சொல்லி
கோடு கிழித்தார், அடிமட்டம் வைத்து,
கீழே உள்ள எழுத்து வாசிக்கத்தக்கதாக.
சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது.

வெட்டுக்குப் பக்கத்தில்
மூன்று பேரும் சுருக்கொப்பம் வைத்தோம்.