மட்டம்

பின்பக்கம் நீட்டிக் கட்டிய அடுப்படியில்
இருபதாம் நாள்
எலுமிச்சம்பழம் ஒன்று கைதவறி விழுந்தது.
நின்றுவிடும் என்று பார்த்தேன்.
அது பழைய வீட்டுக்குள் புகுந்து
தவனேசனின் செருப்பை முட்டித்தான் நின்றது.

பகாவ் டவுனிலிருந்து பரஞ்சோதி வந்தார்.
“தண்ணி ஓட வாட்டம் வேணும்லக்கா.”
வேணும்தான்,
சாக்கடைப் பக்கம்.

ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன்.
இருவரும் பேசாமல் பார்த்தோம்.
அவசரமே இல்லாமல் அது
குளிர்பெட்டிக்கு அடியில் நுழைந்து
கூடத்துக்குக் கிளம்பியது
அழைத்த விருந்தாளி மாதிரி.

“மட்டமாத்தான் போட்டான் வாஹிட்” என்றார்.
அதில் எனக்கும் மறுப்பில்லை.
வாஹிட் லொம்போக் திரும்பி ஒரு வாரம்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
முதல் லாரி ஏறுமுன் தினமும்
பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பவள்.
இருபது கிலோ பிசகினால்
டிரைவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள்.
இங்கே இரண்டு சென்டிமீட்டர்.
இரண்டும் என் இபிஎஃப் பணம்.

உடைத்துப் போடச் சொன்னேன்.
“டைல்ஸ் எல்லாம் வீணாயிடுமே” என்று
என் டைல்ஸுக்காக அவர் வருந்தினார்.
கடைசித் தவணை என்னிடம்தான் இருக்கிறது
என்றேன்.
முதல்முறையாகக் குனிந்தார்.
ஈரத்தில் முழங்கால் ஊன்றி
தரையோடு கன்னம் வைத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை வருவாராம்.
எந்தத் திங்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

வெளியே செம்மண்ணில் மழை.
துணி துவைக்கும் மெஷின்
சுழன்று சுழன்று நடந்து
இன்றும் கதவு வரை வந்துவிட்டது.
தவனேசன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
அதைத் தள்ளுகிறார்,
மேட்டுக்கு.