பத்தி ஆறு: கற்றுக்கொண்டவை

பெட்டிக்குள் நான்கு வரிக்குத்தான் இடம்.
ஒன்பது நாள் டென்மார்க்.
கொழுந்தனின் குவைத் கோட்டில்
கருவாட்டு வாசம்;
விமானத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது
என்று நம்பிக்கொண்டேன்.

அங்கே ஒரு வீடு. பலகை இல்லை, காக்கி இல்லை.
அடிபட்ட பிள்ளை உள்ளே வந்து
ஒருமுறை சொல்கிறது.
ஒரே ஒருமுறை.
டாக்டர், போலீஸ், வக்கீல்
கண்ணாடிக்கு அப்பால் மொத்தமாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கு மூக்கையூர் ஞாபகம்.
சகாய ரின்சி முதலில் என்னிடம் சொன்னாள்,
பாசி காயும் தார்ப்பாயின் ஓரத்தில்.
பிறகு ஸ்டேஷனில். அங்கேயே இன்னொருவரிடம்.
பெரியாஸ்பத்திரியில். குழுவின் முன்னால்.
ஆறாம் தடவை அவள் சொல்லவில்லை,
ஏழாம் வாய்ப்பாடு போல் ஒப்பித்தாள்.
"சொல்லிக் கொடுத்து வந்தது போலிருக்கிறது"
என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார்.

கிர்ஸ்டன் எல்லாம் காட்டினாள்,
கேமரா, மைக், துணி பொம்மை.
நான் பார்த்தது சோபாவின் கைப்பிடி.
கிள்ளிக் கிள்ளி நூல் பிரிந்து
உள்பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.
வருஷத்துக்கு இரண்டுதரம் தைக்கிறோம் என்றாள்
கொஞ்சம் கூசி.
அந்தக் கடற்கரையிலும்
இதே நகங்கள்.

திரும்பி வந்து ஓர் அறை கேட்டேன்.
பரிசீலிக்கப்படும்.
மண்டபத்தில், மூடிப்போன ஐஸ் கம்பெனி மாடியில்
கணக்குப்பிள்ளை அறை பூட்டிக் கிடந்தது.
சாவி கிடைக்க ஒரு மாதம்.
இன்ஸ்பெக்டர் தமயந்தியையும்
டாக்டர் நூர் ஜமீலாவையும்
ஒரே வியாழக்கிழமை உட்கார வைப்பதற்குள்
கச்சான் ஓய்ந்து வாடை கிளம்பிவிட்டது.
கண்ணாடிக்குப் பதில் என் பழைய வாயில் புடவை,
அதன் பின்னால் மூச்சை அடக்கி அவர்கள்.
நீதிபதி முன் ஒருதரம் சொல்லத்தான் வேண்டும்;
அதை என்னால் அழிக்க முடியவில்லை.
ஏழு இரண்டானது. அவ்வளவுதான்.

காரங்காட்டு ரீகன், ஒன்பது வயது,
முதலில் வந்தான்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
கீழே யாரோ வஞ்சிரத்துக்கு விலை கூவினார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலியின் கையை
விரல்கள் வழுக்கி வழுக்கித் தேடின.
பிறகு சட்டைப் பொத்தானைத் திருகினான்,
திருகித் திருகி
அது அறுந்து உருண்டபோது
சொல்ல ஆரம்பித்தான்.

தணிக்கை மூன்றாவது நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது.
இன்றிரவு எழுதி முடித்தேன்:

சோபா ஒன்று தேவை.
துணி உறை போட்டது.
கிழியக்கூடியதாக இருக்க வேண்டும்.

நான்காம் வரியைக்
காலியாக விட்டிருக்கிறேன்.